தமிழ்நாட்டில் பிறப்புகள் குறைவது ஏன், மருத்துவத் துறை என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பிறப்பு உண்மையில் எவ்வளவு குறைந்திருக்கிறது?

1971இல் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் தன் வாழ்நாளில் சராசரியாக 3.9 குழந்தைகளைப் பெற்றார். 1993இல் அது 2.1 ஆனது. கேரளம் 1988இலேயே அந்தப் புள்ளியைத் தொட்டுவிட்டது. மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை தரும் கணக்குப்படி 2020இல் தமிழ்நாட்டின் அளவு 1.4, 2023இல் 1.3. அதே 2023இல் இந்தியா முழுவதற்கும் 1.9, பீகாருக்கு 2.8.

தேசிய குடும்ப நல ஆய்வோ 2019-21இல் தமிழ்நாட்டுக்கு 1.8 என்று சொல்கிறது. இரண்டில் எது பொய் என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் பொய்யல்ல, அளக்கும் விதம்தான் வேறு. குடும்ப நல ஆய்வு வீடு வீடாகச் சென்று, 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் பிறந்த குழந்தைகளின் விவரத்தைக் கேட்டு, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரியைத் தருகிறது. மாதிரிப் பதிவு முறையில், தேர்ந்தெடுத்த ஊர்களிலும் தெருக்களிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து எழுதிவருவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேற்பார்வையாளர் தனியாகக் கணக்கெடுப்பார். பிறகு இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்ப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தைப் பார்க்க மாதிரிப் பதிவு முறை நல்லது. கருத்தடை, சிசேரியன், ரத்தசோகை போன்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கக் குடும்ப நல ஆய்வு நல்லது. ஓர் ஆண்டுக்கு இதையும் மறு ஆண்டுக்கு அதையும் எடுத்துக் கோடு போட்டால் வரும் படம் தவறானது. செய்தித்தாள்களில் இது அடிக்கடி நடக்கிறது.

பிறப்பு விகிதம், கருவுறு விகிதம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பிறப்பு விகிதம் என்பது ஆயிரம் பேர் கொண்ட மக்கள்தொகையில் ஓராண்டில் எத்தனை பிறப்பு என்பது. ஊரில் முதியோர் கூடினால், பெண்கள் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் இது குறையும். எனவே தலைமுறை மாற்றத்தைப் பார்க்க மொத்தக் கருவுறு விகிதமே, அதாவது ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையே, சரியான அளவு.

அதைக் கணக்கிடுவது கடினமல்ல. 15-19, 20-24 என்று 45-49 வரை ஏழு வயதுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பெண்களுக்கு ஓராண்டில் எத்தனை பிறப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டுக்காக மட்டும்: 15, 95, 100, 45, 15, 3, 1 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 274. ஒவ்வொரு பிரிவும் ஐந்து ஆண்டு என்பதால் ஐந்தால் பெருக்கினால் 1370. ஆயிரத்தால் வகுத்தால் 1.37.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தலைமுறைப் பெண்கள் 23 வயதில் பெற வேண்டியதை 27க்குத் தள்ளிப்போட்டால், அந்தத் தள்ளிப்போடும் ஆண்டுகளில் விகிதம் உண்மையைவிடக் கீழே இறங்கிக் காட்டும். தமிழ்நாட்டில் திருமண வயது ஏறிக்கொண்டே இருப்பதால் 1.3 என்ற எண்ணில் இந்தத் தள்ளிப்போடலின் பங்கும் ஓரளவு இருக்கிறது. ஆகவே அடுத்த சில ஆண்டுகளில் விகிதம் சற்று ஏறினால் அதை ஏதோ ஒரு திட்டத்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2.1 என்ற எண்ணுக்கு என்ன சிறப்பு?

ஒரு தாய்க்குப் பதிலாக, குழந்தை பெறும் வயதுவரை உயிரோடு இருக்கும் ஒரு மகள் வேண்டும். இயற்கையாகவே நூறு பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. சில பெண் குழந்தைகள் வளரும் முன்பே இறக்கின்றன. இரண்டையும் ஈடுகட்டத்தான் இரண்டுக்கு மேல் அந்தச் சிறு கூடுதல். 1.4 என்றால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். ஆனால் மக்கள்தொகை உடனே குறையாது. முன்பு பிறந்த பெரிய தலைமுறைகள் இன்னும் பிள்ளை பெறும் வயதில் இருக்கின்றன, முதியோரும் நீண்ட நாள் வாழ்கிறார்கள்.

ஏன் குறைந்தது? பணம் வந்ததாலா?

பணம் முதலில் வரவில்லை. தமிழ்நாட்டில் விகிதம் வேகமாக இறங்கிய 1970களிலும் 80களிலும் மாநிலம் ஏழ்மையில்தான் இருந்தது. படிக்காத பெண்களும் குறைவாகப் பெறத் தொடங்கினார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன.

முதலாவது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை. 1971இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1981இல் அது 91. 2023இல் 12. இரண்டு தங்க வேண்டும் என்றால் நான்கு பெற வேண்டிய காலம் போய்விட்டது. கிராமத்துக்கு ஒரு சுகாதார செவிலியர், துணை சுகாதார நிலையம், தடுப்பூசி, பேருந்து போகும் சாலை ஆகியவை அதைச் செய்தன.

இரண்டாவது, பள்ளிக்கூடம். 1956இல் காமராசர் ஆட்சியில் விரிவான மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்தன. வயலுக்கும் மாடு மேய்க்கவும் போன பிள்ளை வீட்டுக்கு வரவு. பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டுக்குச் செலவு. பெற்றோரின் கணக்கு அங்கேதான் மாறியது. 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு ரூ.5,000 என்று நிபந்தனை வைத்தது. அதே திட்டம் 2022இல் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. 2021-22இல் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, இந்தியாவில் 28.4. நாட்டில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்து திருமணத்தைத் தள்ளுகின்றன.

மூன்றாவது, பிள்ளை குறைவாக இருப்பது அவமானமல்ல என்ற பேச்சு இங்கே மற்ற மாநிலங்களுக்கு முன்பே கேட்டது. கருத்தடை பெண்ணின் விடுதலைக்கு வேண்டும் என்று பெரியார் 1930களில் மேடையில் பேசினார். மக்கள்தொகை பெருகுகிறதே என்ற கவலையிலிருந்து அல்ல, பெண் தன் உடம்பின் மேல் உரிமை கொள்ள வேண்டும் என்ற இடத்திலிருந்து அவர் அதைச் சொன்னார். 1950களின் நடுவில் சென்னை மாநிலத் தலைமைச் செயலராக இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி, கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஆண்களுக்கு உதவித்தொகை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நாட்டிலேயே அது முன்னோடி.

இன்றைய காரணங்கள் வேறு. ஒரு குழந்தைக்கான பள்ளிக் கட்டணம், டியூஷன், வீட்டு வாடகை, மகப்பேறுக்குப் பின் வேலையை விட வேண்டிவருவது, பாட்டி தாத்தா வேறு ஊரில் இருப்பது. முதல் குழந்தைக்குப் பிறகு ‘ஒண்ணே போதும்’ என்று நிற்பவர்களிடம் கேட்டால் இவைதான் வரும்.

ஆண், பெண் மலட்டுத்தன்மை கூடியதுதான் காரணம் என்கிறார்களே? உணவு, செல்போன், பிளாஸ்டிக்?

விகிதம் 3.9இலிருந்து 1.3க்கு இறங்கியதை மலட்டுத்தன்மை விளக்காது. பெரும்பகுதி, தம்பதியர் வேண்டாம் என்று நிறுத்தியதால் வந்தது. வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் குழந்தையின்மைச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணித்தது. அது பெரிய எண்ணிக்கைதான், அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும். திருமணமும் முதல் கருவும் 30ஐத் தாண்டும்போது கருத்தரிக்கக் காலம் எடுப்பது கூடும் என்பதும் உண்மை. ஆனால் மாநில அளவிலான சரிவுக்கும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளுக்கும் முடிச்சுப் போடுவது வியாபாரத்துக்கு உதவும், கொள்கைக்கு உதவாது.

‘கு.க. ஆபரேஷன்’ (குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை) இல்லாமல் இது நடந்திருக்குமா?

நடந்திருக்கும், ஆனால் மெதுவாக. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். இந்திய அளவு 37.9. ஆண்களில்? 0.1. ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை பத்து, பதினைந்து நிமிட வேலை, தையல் கிடையாது, அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனாலும் ஆயிரத்தில் ஒருவர்தான். ‘வலு போய்விடும்’ என்ற பயம் ஒரு காரணம் என்றால், பிரசவ வார்டிலேயே பெண்ணுக்கு முடித்துவிடும் நிர்வாக வசதி அதைவிடப் பெரிய காரணம். ஆண்களுக்கான அறுவையில் தவறு நடக்கும் இடமும் ஒன்று உண்டு: அறுவை முடிந்த அன்றே பலன் வராது. மூன்று மாதம் வேறு கருத்தடை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியான பின்னரே நிறுத்த வேண்டும். அந்தப் பரிசோதனைக்குத் திரும்பி வராதவர்களின் வீட்டில்தான் ‘ஆபரேஷன் ஃபெயில்’ என்ற சண்டை நடக்கிறது.

நிரந்தர முறையையே நம்பியிருந்ததன் விலை 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் தெரிந்தது. நாகப்பட்டினம், கடலூர் கரையோரங்களில், இரண்டோடு அறுவை செய்துகொண்ட தாய்மார் பலர் ஒரே காலையில் எல்லாப் பிள்ளைகளையும் இழந்தார்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை அரசு இலவசமாகச் செய்து தந்தது. தனியாரில் செய்தால் ரூ.25,000 வரை கொடுத்தது. அந்த அறுவை எல்லோருக்கும் பலிக்காது. மிஞ்சியிருக்கும் குழாயின் நீளம், முன்பு எந்த முறையில் கட்டினார்கள், இப்போதைய வயது ஆகியவற்றைப் பொறுத்தது.

இரண்டாவது குழந்தையை வேண்டும்போது பெற, தற்காலிக முறைகள்தான் வழி. அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம்:

காப்பர்-டி 380ஏ: பத்து ஆண்டு வரை. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வந்த பத்து நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள் பொருத்தலாம். அதைத் தவறவிட்டால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். பிரசவ வலியில் துடிக்கும்போது ஒப்புதல் கேட்பதோ, கேட்காமலே பொருத்துவதோ தவறு. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே பேசி எழுதிவைக்க வேண்டும். பிறகு நூல் தெரியவில்லை, கழன்றுவிட்டது என்ற புகார்களுக்கு ஆறாவது வாரப் பரிசோதனைதான் மருந்து.

அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒன்று. மாதவிலக்கு ஒழுங்கற்றுப்போவதை முன்பே சொல்லாததால் இரண்டாவது ஊசிக்கு வராதவர்கள் அதிகம். நிறுத்திய பின் கரு தங்கச் சில மாதங்கள் ஆகலாம்.

சாயா மாத்திரை: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஹார்மோன் இல்லாதது, பாலூட்டும் தாய்க்கும் ஏற்றது. தினமும் போடும் மாத்திரை என்று நினைத்துக் குழப்பிக்கொள்வார்கள். காலண்டரில் கிழமையை வட்டமிட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.

பிறப்பு குறைந்தால் சிசேரியனும் குறைய வேண்டாமா?

விகிதம் கூடியிருக்கிறது. 2015-16இல் 34.1 விழுக்காடு, 2019-21இல் 44.9. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. மக்கள்தொகை அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போவதால் தாய், சேய் இறப்பு குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது.

குறைந்த பிறப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஒரே குழந்தைதான் என்றால் குடும்பம், மருத்துவர் இருவருமே எந்த ஆபத்தையும் ஏற்க விரும்புவதில்லை. முதல் பிரசவம் சிசேரியன் ஆனால் இரண்டாவதும் பெரும்பாலும் அப்படியே. அந்த இரண்டாவதோடு கருத்தடையும் சேர்ந்துவிடும். மூன்றாவது குழந்தை பெறுங்கள் என்று அரசியல்வாதிகள் சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்: ஏற்கெனவே இரண்டு சிசேரியன் ஆன கருப்பையில் மூன்றாவது கரு என்றால் நஞ்சுக்கொடி தழும்பில் ஊன்றிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. பிரசவ நேரத்தில் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கும், கருப்பையையே அகற்றும் நிலையும் வரலாம்.

குறைக்க வேண்டிய இடம் முதல் பிரசவம். தேவையில்லாமல் வலி தூண்டுவது, கருப்பை வாய் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் திறக்கும் முன்பே ‘முன்னேற்றமில்லை’ என்று தீர்மானிப்பது, நல்ல நாள் பார்ப்பது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பதிவேட்டில் தனித்தனியாக எண்ணினாலே போதும், எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

பிரசவம் குறைந்தால் மகப்பேறு செலவைக் குறைக்கலாமே?

எண்ணிக்கை குறைவதும் வேலை குறைவதும் ஒன்றல்ல. ஒரு கிராம சுகாதார செவிலியருக்கு 5,000 மக்கள் என்பது நெடுங்கால அளவு. 1981இல் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 28. அவருடைய பகுதியில் ஆண்டுக்கு 140 பிறப்பு. இன்று ஆயிரத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று என்ற அளவில் 60 அல்லது 65. அதே பகுதியில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் சுமார் எழுநூறு பேர். ஆனாலும் அவருடைய பதிவேடுகள், இலக்குகள், மாதாந்திர ஆய்வுக்கூட்டக் கேள்விகள் பெரும்பாலும் கர்ப்பிணி, தடுப்பூசி, கருத்தடை என்றே இருக்கின்றன. ஆளைக் கூட்டுவதற்கு முன் அவருடைய வேலைப் பட்டியலைத் திருத்தி எழுத வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறைக்கு வேறு சிக்கல். 30,000 மக்களுக்கு ஆண்டுக்கு 360 பிறப்பு. அவற்றில் பெரும்பங்கு சீமாங் மையங்களுக்கும் (அவசரச் சிசேரியன் வரை செய்யும் அரசு மகப்பேறு மையங்கள்) தனியாருக்கும் போய்விட, பல நிலையங்களில் மாதம் ஒற்றை இலக்கம்தான். மூன்று செவிலியர் சுழற்சியில் இருந்தால், ஒருவர் கையில் மாதத்துக்கு மூன்று பிரசவத்துக்கு மேல் வராது. கை மறக்கும். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்சிடோசின் பத்து யூனிட், மூச்சு விடாத குழந்தைக்கு அதே முதல் நிமிடத்துக்குள் பை-முகமூடி வழியாகக் காற்று, வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் என்பதெல்லாம் புத்தகத்தைப் புரட்டிச் செய்ய முடியாதவை.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அறையை மூடிவிட்டு எல்லோரையும் நகரத்துக்கு அனுப்புவது. சமவெளியில் 108 ஆம்புலன்ஸ் விரைவாக வரும் இடங்களில் இது சரி. ஜவ்வாது மலையிலோ பர்கூர் மலையிலோ இது ஆளைக் கொல்லும். இரண்டாவது, சில நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, செவிலியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சீமாங் மையத்தில் பணியமர்த்தித் திரும்ப அனுப்புவது, மாதந்தோறும் பொம்மை வைத்து ஒத்திகை நடத்துவது. மலைப்பகுதிகளுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

இப்போதைய கர்ப்பிணிகளுக்கு என்ன மாறியிருக்கிறது?

வயது கூடியிருக்கிறது, எடை கூடியிருக்கிறது, சர்க்கரை கூடியிருக்கிறது, ரத்தசோகை மட்டும் போகவில்லை. 15-49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கருவுற்ற நான்காம் மாதம் தொடங்கித் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னும் 180. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டியது. தள்ளிப்போட்டுத் திட்டமிடும் தம்பதியர் பெருகும் இந்தக் காலத்தில் அதைச் சொல்ல நல்ல இடம் திருமணப் பதிவு அலுவலகம். அங்கே யாரும் சொல்வதில்லை.

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதிப்பதைத் தமிழ்நாடு 2007லேயே தொடங்கியது. முதல் வருகையிலும் 24-28 வாரத்திலும் செய்ய வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும். இதில் கெடுவது நேரம்தான்: வெளிநோயாளர் கூட்டத்தில் ஒன்றரை மணியிலேயே குத்திவிடுவார்கள், அல்லது பேருந்துக்கு நேரமாகிறது என்று கர்ப்பிணி கிளம்பிவிடுவார். முதல் பரிசோதனை சரியாக இருந்தால் இரண்டாவதை விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

இறந்துபோகும் குழந்தைகளின் காரணமும் மாறிவிட்டது. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் கொன்ற காலத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கிருமிக்கொல்லி மருந்தும் பெரும்பாலும் போதும். ஆயிரத்துக்குப் பன்னிரண்டு என்ற நிலையில் மிஞ்சுபவை குறைமாதம், பிறவிக் குறைபாடு, பிறக்கும்போது மூச்சடைப்பு. அவற்றுக்கு வேண்டியது பச்சிளங்குழந்தைத் தீவிரப் பிரிவும் இரவிலும் இருக்கும் செவிலியரும். ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு ஏறும்.

முதியோர் பக்கம் என்ன நிலை?

2011 கணக்கெடுப்பில் அறுபதைத் தாண்டியோர் 10.4 விழுக்காடு. மத்திய அரசின் கணிப்புப்படி 2031இல் 18.2, 2036இல் 20.8, அதாவது ஐந்தில் ஒருவர். பிரான்சு இதைக் கடக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. நமக்கு ஒரு தலைமுறைதான்.

தொடக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார், நாட்டில் முதலாவது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது, 200 படுக்கை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. 2024இல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

மாத்திரை கொடுப்பது எளிய பகுதி. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததா என்று அளந்து, வராவிட்டால் மருந்தை மாற்றுவதுதான் அசல் வேலை. மருந்து பெறுவோர் எண்ணிக்கையை அரசு விளம்பரம் செய்கிறது. 140/90க்குக் கீழே வந்தவர் எத்தனை பேர் என்பதைத்தான் கேட்க வேண்டும். அடுத்த ஓட்டை, பார்த்துக்கொள்ள ஆள். ஒரே மகன் ஓசூரில், ஒரே மகள் டல்லாஸில். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கு இரண்டு நாளுக்குள் அறுவை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும். அறுவை காப்பீட்டில் வந்துவிடும். அடுத்த மூன்று மாதம் எழுப்பி நடத்த ஆள் வராது. வீட்டுப் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி, பதிவு, குறைந்தபட்சக் கூலி, அதில் ஒரு பங்கை அரசு ஏற்பது ஆகியவற்றைச் செய்யாமல் முதியோர் கொள்கை என்று எதை எழுதினாலும் அது மருமகள்களின் தலையில்தான் இறங்கும். அந்த மருமகள்தான் இரண்டாவது குழந்தை வேண்டாம் என்கிறவரும்.

சின்னக் குடும்பத்தில் பெண் குழந்தை என்ன ஆகிறது?

நான்கு பெறும் வீட்டில் ஆண் பிள்ளை பெரும்பாலும் ஒன்று பிறந்துவிடும். ஒன்றோடு நிறுத்தும் வீட்டில் பாதிப் பேருக்குப் பிறக்காது. ஆண் வேண்டும் என்ற ஆசை மாறாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தால் ஸ்கேன் அறையில் தேர்வு நடக்கிறது. 2019-21 ஆய்வில் முந்தைய ஐந்தாண்டில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 878 பெண் குழந்தைகள்தான் பிறந்திருந்தன. அதற்கு முந்தைய ஆய்வில் 954. மாதிரி ஆய்வில் இந்த எண் ஏற்ற இறக்கம் காட்டக்கூடியது. ஆனால் சேலத்தில் 1992இல் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

மூன்றாவது குழந்தைக்குப் பணம் கொடுத்தால் விகிதம் ஏறுமா?

சிங்கப்பூர் 1972இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்றது. 1987இல் ‘முடிந்தால் மூன்று பெறுங்கள்’ என்று திரும்பியது. ஊக்கத்தொகை, வீட்டு முன்னுரிமை எல்லாம் கொடுத்தும் 2024இல் 0.97. தென்கொரியா 2006 முதல் பெரும் தொகைகளைச் செலவிட்டது. 2023இல் 0.72 வரை போய், 2024இல் 0.75. ஒரு முறை தரும் பணம், எப்படியும் பெறப்போகிறவர்களைச் சற்று முன்னதாகப் பெறவைக்கும், அவ்வளவே. ஆந்திரம் 2024இல், இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற தடையை நீக்கியது. தடையை நீக்கியது சரி. அதனால் யாரும் கூடுதலாகப் பெறப்போவதில்லை.

தமிழ்நாட்டில் முதலில் செய்ய வேண்டியது, பழைய ‘போதும்’ காலத்தில் போட்ட முட்டுக்கட்டைகளை எடுப்பது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி ரூ.18,000 முதல் இரண்டு பிரசவத்துக்கு என்றே வகுக்கப்பட்டது. மூன்றாவதாகக் கருவுறும் ஏழைப் பெண்ணுக்குத்தான் ரத்தசோகையும் ஆபத்தும் அதிகம், அவருக்குத்தான் அந்த உதவியோடு வரும் ஊட்டச்சத்துப் பெட்டகம் இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மறுமணத்துக்குப் பின் குழந்தை பெற்றபோது இரண்டுக்கு மேல் என்று விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

அடுத்தது வேலையிடம். மாநில அரசு ஊழியருக்கு ஓராண்டு விடுப்பு. தனியாருக்கு மத்தியச் சட்டப்படி 26 வாரம், ஆனால் மாதச் சம்பளம் ரூ.21,000க்கு மேல் போனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது, முழுச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். விளைவு, நேர்காணலில் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்ற கேள்வி. அந்தச் செலவைப் பொதுக் காப்பீட்டுக்கு மாற்றினால் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்க மாட்டார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும் சட்டம். தொழிற்பேட்டைகளில் ஐந்தாறு ஆலைகள் சேர்ந்து ஒன்று நடத்தி, ஷிப்ட் நேரத்துக்குத் திறந்து வைத்தால்தான் அது பயன்படும்.

மக்கள்தொகை குறைந்தால் மக்களவைத் தொகுதி குறையும் என்பதற்காகப் பிள்ளை பெற வேண்டுமா?

மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்பின்படி உறைந்திருக்கின்றன. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அந்த ஏற்பாடு. இன்று பிறக்கும் குழந்தை அந்தக் கணக்கை மாற்றப்போவதில்லை. அது நாடாளுமன்றத்தில் தீர்க்க வேண்டிய வழக்கு. நிதிப் பங்கீட்டில் 15ஆவது நிதி ஆணையம் மக்கள்தொகைச் செயல்பாட்டுக்கு (பிறப்பைக் குறைத்ததற்கு) 12.5 விழுக்காடு எடை கொடுத்தது. முதியோர் விகிதத்துக்கும் ஓர் எடை கேட்பது பொருத்தமான கோரிக்கை.

குழந்தை வேண்டும், தங்கவில்லை. எங்கே தொடங்குவது?

கருத்தடை இன்றி ஓராண்டு ஆகியும் தங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம். முதலில் செய்ய வேண்டியது கணவரின் விந்துப் பரிசோதனை. மலிவானது, வலியில்லாதது, ஆனால் பல வீடுகளில் கடைசியாகத்தான் செய்கிறார்கள். அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்து, பிறகு கொடுக்க வேண்டும். மில்லி லிட்டருக்கு 1.6 கோடி என்பது கீழ் எல்லை. குறைவாக வந்தால் உடனே பயப்படாமல் சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும், காய்ச்சல் வந்துபோனாலே எண்ணிக்கை குறையும். பெண்ணுக்கு தைராய்டு, மாதவிலக்கு சுழற்சியின் பிற்பாதியில் புரோஜெஸ்டிரான், கருக்குழாய் அடைப்புக்கு எக்ஸ்-ரே. இவை முடியும் முன்பே ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சை) பேக்கேஜ் விலை சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21-50, ஆணுக்கு 21-55 வயது. கருமுட்டை தருபவர் 23-35 வயதுக்குள், வாழ்நாளில் ஒரு முறை மட்டும். 2022இல் ஈரோட்டில் ஒரு சிறுமியின் கருமுட்டையைப் பொய் ஆவணம் வைத்து விற்ற வழக்குக்குப் பிறகு ஆய்வுகள் இறுகின. ஒரு சுழற்சிக்கு லட்சத்துக்கு மேல் ஆகும் இந்தச் சிகிச்சை நகையை அடகு வைத்துச் செய்வதாகவே இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அடிப்படைப் பரிசோதனையும், கருப்பைக்குள் விந்து செலுத்தும் எளிய சிகிச்சையும் எல்லா மாவட்டத்திலும் கிடைத்தாலே கணிசமானவர்களுக்கு ஐ.வி.எஃப். வரை போக வேண்டியிருக்காது.

மாவட்ட சுகாதார அலுவலர் இனி எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

மொத்தப் பிரசவம் எத்தனை என்பதைப் பின்னுக்குத் தள்ளலாம். முதல் பிரசவத்தில் சிசேரியன் விழுக்காடு, இரண்டாவது சர்க்கரைப் பரிசோதனை முடித்தவர் விழுக்காடு, 19 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகள், 35க்கு மேற்பட்டோர், பிரசவத்துக்குப் பின் தற்காலிக முறை எடுத்து ஓராண்டு தொடர்ந்தவர், அழுத்தம் கட்டுக்குள் வந்த முதியோர், படுத்த படுக்கையானவர் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் போன நாட்கள். 19 வயதுக்குட்பட்டோரை ஏன் சேர்க்கிறோம் என்றால், மாநிலச் சராசரி 1.3 என்று இறங்கிய பிறகும் 20-24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18க்கு முன்பே மணமானவர்கள். திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் இன்னொரு வரி வேண்டும்: பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்து தங்கியிருக்கும் கர்ப்பிணிகளில் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசின் பதிவு எண்) பெற்றவர் எத்தனை பேர். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைகிறார்கள், தடுப்பூசிப் பட்டியலிலும் விடுபடுகிறார்கள். இந்தியும் ஒடியாவும் பேசும் ஓர் ஊழியர் தொழிற்பேட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தால் இதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.